குற்றப்பத்திரத்தில் மூன்று கடவுள்கள்

குற்றப்பத்திரத்தை வாசித்து முடித்துவிட்டு, ஏற்றுக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்து இரண்டு பதில்கள்தான் உண்டு. இன்னாசி மாஸ்டர் அந்த இரண்டையும் சொல்லவில்லை.

"சேர், இதில எழுதியிருக்கிறது என்ட சமயம் இல்ல" என்றார்.

விசாரணை ஒரு பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் நடந்தது. சனிக்கிழமை. மூடாத குழாயொன்று தொட்டிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வளவில் நெல் அவித்தார்கள். அந்தப் புழுங்கல் வாசமும் அறைக்குள் கிடந்த அமில வாசமும் சேர்ந்து தலையை வலிக்கப் பண்ணின. மாஸ்டர் நீளக்கை வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு நின்றார்.

நான் அந்த வசனத்தை மறுபடி வாசித்தேன். பதினோராந் தர முஸ்லிம் மாணவிகளுக்குக் கணித பாட வேளையில், தமது மதக் கோட்பாட்டின்படி மூன்று கடவுள்கள் உண்டெனப் போதித்தமை.

அந்த வசனம் எடுக்கப்பட்ட முறைப்பாட்டின் கீழே ஐந்து கையொப்பங்கள். அந்த ஐந்து பேரில் ஒருவராவது, கல்முனையில் தடுக்கி விழுந்தால் எழுப்பிவிட இருக்கிற கிறிஸ்தவர்களில் ஒருவரிடமாவது, உங்கள் கோட்பாடு இதுதானா என்று கேட்டிருக்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. அவர்களுக்கு ஏற்கனவே தெரியும்.

ஓய்வு பெற்றவனின் உபயோகம்

ஓய்வு பெற்ற அதிகாரியை அரசாங்கம் இரண்டு காரியத்துக்குத்தான் தேடும். வருடத்துக்கொரு தடவை அவன் உயிரோடிருக்கிறானா என்று பார்க்க. பிறகு, சேவையில் இருப்பவர்கள் கைவைக்கப் பயப்படும் விசாரணைகளை அவன் தலையில் கட்ட.

கல்வி நிருவாகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். குற்றப்பத்திரம் எப்படி எழுதவேண்டும் என்று வகுப்பெடுத்தவன். ஆகவே இந்த விசாரணையும் எனக்கே வந்தது. ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். எங்கள் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் எதுவாகவும் அது இருக்கலாம். அப்படி இருக்கலாம் என்பதுதான் எனக்குக் கோபம்.

இன்னாசி மாஸ்டர் கத்தோலிக்கர். அந்தப் பெண்கள் பாடசாலையில் இருபத்தாறு வருடமாகக் கணிதம் படிப்பித்தவர். அவரிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது அவரிடம் படித்தார்கள். மனைவிக்குப் பாரிசவாதம், வலது பக்கம் இயங்காது. வீடு பாடசாலைக்குப் பின் ஒழுங்கையில். இடைவேளை மணி அடித்ததும் சைக்கிளில் போய் அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குத் திரும்பிவிடுவார். ஓய்வுக்கு ஒன்றரை வருடம்கூட இல்லை. குற்றம் நிரூபிக்கப்பட்டால் தூரத்துக்கு இடமாற்றம். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஐந்து பேருக்கும் தெரியும்.

மன்னிப்புக் கடிதம்

அன்று தேநீர் இடைவேளையில் பாடசாலை அதிபர் தட்டச்சடித்த ஒரு தாளோடு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. யாரோடும் பகைக்காமல் ஓய்வுபெற விரும்புகிறவர். அந்த வகை மனிதர்களால் நடந்த கெடுதிகளை எழுத இந்த வார இதழின் பக்கங்கள் போதாது.

தாளில் இருந்தது ஒரே வசனம். மூன்று கடவுள்கள் உண்டென மாணவிகளிடம் கூறியமைக்கு மனம் வருந்துகிறேன். மாஸ்டர் இதில் ஒரு கையொப்பம் வைத்தால் முறைப்பாட்டுக்காரர் விட்டுவிடுவார், மேலிடத்தோடும் கதைத்தாயிற்று, மாஸ்டர் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம், எல்லாருக்கும் நிம்மதி என்றார் அதிபர்.

இப்படித் தனியாகப் பேசுவது முறையல்ல, விசாரணை கூடிய பிறகு தாரும் என்றேன். கூடியதும் தாளைப் பதிவில் சேர்த்து, மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். மடிக்காமல் திருப்பித் தந்தார்.

"வகுப்பில சமயம் கதைச்சது பிழையெண்டு எழுதித் தாங்க, இப்பவே வைக்கிறன். பிள்ள கேட்டாலும் நான் பதில் சொல்லாம இருந்திருக்கலாம். இதில வைக்க மாட்டன்."

"ஒரு சொல்லுத்தானே, மாஸ்டர்" என்றார் அதிபர். "வீட்டில அவவ யோசிச்சுப் பாருங்க."

"அவவிட்டக் கேட்டுட்டுத்தான் வந்த நான். வாய் சரியா வராது. தலைய ஆட்டி வேணாமெண்டா." மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "சேர், செய்யாத குத்தத்த ஒத்துக்கிறது வேற. அது மானக்கேடு, அவ்வளவுதான். இது நான் நம்பாததை நம்புறன் எண்டு எழுதிக் குடுக்கிறது. ரெண்டு அல்லாஹ் இருக்கு எண்டு எழுதித் தந்தா வீட்டோட இருக்கலாமெண்டு உங்களிட்டச் சொன்னா, நீங்க வைப்பீங்களா?"

அதிபர் தன் சப்பாத்தைப் பார்த்தார். மாஸ்டருக்கு எதிராக வழக்கை நெறிப்படுத்த வந்த உதவிப் பணிப்பாளர், சின்ன வயதுக்காரர், கேள்வியில் அவமரியாதை இருப்பதாகப் பதியவேண்டும் என்றார். அவமரியாதை எங்கே இருக்கிறது என்று பதியவேண்டும் என்று கேட்டேன். அவர் கோப்பைப் புரட்டத் தொடங்கினார். "கையொப்பமிட மறுத்தார்" என்று மட்டும் பதிந்தேன்.

சிஸ்டரின் சாட்சியம்

அடுத்த அமர்வுக்கு மாஸ்டர் ஒரு சாட்சியை அழைத்தார். சிஸ்டர் றெஜினா. மட்டக்களப்பில் மறையாசிரியர்களுக்கு வகுப்பு நடத்தி ஓய்ந்தவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். முழங்கால் மடங்காததால் கதிரையில் பக்கவாட்டாக இருந்தார். கைப்பையிலிருந்து ஒரு போத்தல் தண்ணீரை எடுத்து எனது மேசையிலேயே வைத்தார்.

உதவிப் பணிப்பாளர் ஆட்சேபித்தார். இது ஒழுக்காற்று விசாரணை, வேதபாட வகுப்பு அல்ல என்றார். நியாயமான ஆட்சேபனைதான். ஆனால் "தமது மதக் கோட்பாட்டின்படி" என்ற சொற்களைக் குற்றப்பத்திரத்தில் போட்டது மாஸ்டர் அல்ல. கோட்பாட்டை உள்ளே கொண்டுவந்தவர்கள் நீங்கள், அது எது என்று தெரியாமல் நான் எதைத் தீர்ப்பது என்று கேட்டு, ஆட்சேபனையைத் தள்ளினேன்.

தந்தை கடவுள்தானே என்று குறுக்கு விசாரணையைத் தொடங்கினார் அவர். ஓம் என்றார் சிஸ்டர். மகன்? ஓம். தூய ஆவி? ஓம். அப்படியானால் எத்தனை கடவுள்? ஒன்று. உதவிப் பணிப்பாளர் வென்றவர்போல் என்னைப் பார்த்துவிட்டு அமர்ந்தார். கூட்டல் தெரிந்தால் இறையியல் முடிந்தது என்று நினைக்கிற தலைமுறை.

தெளிவுக்காகக் கேட்கும் அதிகாரம் எனக்கு உண்டு. தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று ஓர் உதாரணம் சொல்வார்களே, அப்படியா என்றேன்.

"இல்ல தம்பி. அது ஒரே ஆள் மூணு வேசம் போட்ட மாதிரி வரும். அதத் திருச்சபை எப்பவோ தள்ளிட்டு."

"முட்டையில் ஓடு, வெள்ளை, மஞ்சள்?"

"அது அதவிட மோசம். மூணு துண்டாப் போகும். கடவுளுக்குத் துண்டு ஏது?"

"அப்ப எந்த உதாரணம் சரி?"

"ஒண்டும் சரியில்ல. உதாரணம் சொல்லப் போய்த்தான் எங்கட ஆக்கள் கனபேர் வழி தவறினவங்க."

சுருக்கெழுத்துக்காரப் பெண் சிரித்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு சிஸ்டர் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். காய்கறிக்காரி கூடையிலிருந்து எடுத்து வைப்பதுபோல், அழுகலைப் புறம்பாக்கி. சாரம் என்பது கடவுள் என்னவாக இருக்கிறார் என்பது. அது ஒன்றே, பங்கு போடப்படாதது. ஆள் என்பது யார் என்பது. அங்கேதான் தந்தை, மகன், ஆவி என்ற வேறுபாடு. தந்தை மகன் அல்ல; மகன் ஆவியானவர் அல்ல. ஆனால் ஒவ்வொருவரும் முழுக்கவும் அந்த ஒரே கடவுள். மூன்றிலொரு பங்கு அல்ல. இந்த 'ஆள்' என்பது தெருவால் போகிற மூன்று ஆட்களைப் போலத் தனித்தனி உடம்பும் தனித்தனி மனமும் கொண்டது அல்ல. வேறு நல்ல சொல் இல்லாததால் வைத்த சொல். இதை வைக்கவே பழைய காலத்தில் ஆயர்கள் கூடிக் கூடிச் சண்டை பிடித்தார்கள், ஆளையாள் நாடு கடத்தினார்கள்.

மகன் என்கிறீர்களே, தந்தை அவரை எப்போது பெற்றார் என்று கேட்டேன். எங்கள் ஊரில் எவரும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

"எப்ப எண்ட கேள்வியே அங்க இல்ல. மகன் இல்லாத ஒரு காலம் இருந்த எண்டு சொன்னவரையும் தள்ளி வச்சம். பொண்சாதி, பிறப்பு, தொட்டில் எண்டு நீங்க நினைச்சு மறுக்கிறீங்களே, அந்தப் பிறப்ப நாங்களும் மறுக்கிறம். வெளிச்சத்தில இருந்து வெளிச்சம் வாற மாதிரி எண்டு சொல்லுவம்." உடனே கையை உயர்த்தினார். "பாருங்க, நானும் உதாரணம் சொல்லிட்டன். அத வெட்டி விடுங்க."

வெட்டவில்லை. பதிவில் அப்படியே இருக்கிறது.

இருபது ஸிபத்துகள்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

சிறுவயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் ஓதிக்கொடுத்த லெப்பை எங்களுக்கு அல்லாஹ்வின் இருபது ஸிபத்துகளை, அதாவது பண்புகளை, மனனம் செய்வித்தார். அறிவு, வல்லமை, பேச்சு என்று வரிசையாக. கிடுகுக் கொட்டிலில், பாயில் இருந்து, முன்னும் பின்னும் ஆடி ஆடி. கடைசியில் ஒரு வரி வரும். அந்தப் பண்புகள் அவனும் அல்ல, அவனை விட்டு வேறானவையும் அல்ல.

அவனும் இல்லை, வேறும் இல்லை என்றால் பிறகு என்ன என்று நான் கேட்டேன். காதைத் திருகினார். அந்தக் காது இன்றும் மற்றதைவிடக் கொஞ்சம் விலகித்தான் நிற்கிறது. நான் அப்படித்தான் நம்புகிறேன். என் மனைவி மறுக்கிறாள்.

பெரியவனான பிறகுதான் விளங்கியது. அவை அவனே என்றால் பண்பு என்ற பேச்சுக்கு இடமில்லை. வேறென்றால் ஆதியிலேயே பல இருந்ததாக ஆகும். இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் வரம்பில் நடப்பதுபோல் நம் அறிஞர்கள் அந்த வரியைக் கட்டினார்கள். ஒருமையைக் காப்பாற்றத்தான் கட்டினார்கள். அந்த வரம்பில் ஓதி வளர்ந்த ஊர், இன்னொரு கூட்டம் தன் ஒருமையைக் காப்பாற்றக் கட்டிய வரம்பைக் கண்டதும் விரல் மடித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறது. இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குக் கோபப்படுவது?

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சமரசக் கூட்டங்களில் குத்துவிளக்கேற்றி அப்படிச் சொல்பவர்கள் மீதும் எனக்கு இதே அளவு கோபம் உண்டு. பண்பு ஒன்றை நாங்கள் ஆள் என்று சொல்லமாட்டோம். அது மாமிசமாகி மண்ணில் நடந்தது, பசித்தது, கொல்லப்பட்டது என்று சொல்லவே மாட்டோம். அங்கே வழி பிரிகிறது. நான் என் பக்கத்தில்தான் நிற்கிறேன். அப்படியே மரணிக்கவும் விரும்புகிறேன். சிஸ்டர் தன் பக்கத்தில் நிற்கிறார். அது உண்மையான பிரிவு. பெரிய மனிதர்கள் பேசித் தீராத பிரிவு.

மறுப்பதற்கும் ஒரு நடைமுறை இருக்கிறது. எதை மறுக்கிறோம் என்பதை அதை நம்புகிறவனின் வாயால் முதலில் கேட்கவேண்டும். பிறகு மறுக்கலாம். அந்த முதற்படியைத் தாண்டிக் குதித்தால், மறுக்கப்படுவது நாமே செய்து வைத்த பொம்மை.

பிள்ளை சொன்னது

கடைசிச் சாட்சி, கேள்வி கேட்ட மாணவி. முறைப்பாட்டுக்காரரான கலீல் ஹாஜியாரின் மகள். ஹாஜியாருக்கு இரும்புச் சாமான் கடை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பதவி. மகள் வரமாட்டாள், எழுத்து வாக்குமூலம் போதும் என்றார். குறுக்கு விசாரணைக்கு நிற்காத சாட்சியின் வாக்குமூலத்தை நான் குப்பைக்கூடையில்தான் போடவேண்டியிருக்கும் என்று சொல்லியனுப்பினேன். வந்தாள், ஓர் ஆசிரியையின் துணையோடு. தகப்பன் வெளியே விறாந்தையில்.

நடந்ததைக் கோவையாகச் சொன்னாள். யாரோ ஒரு பேச்சாளர் கைபேசியில் பேசியதைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் கணித பாடத்தில் கையை உயர்த்தி, ஒன்றும் ஒன்றும் ஒன்றும் எப்படி சேர் உங்களுக்கு ஒன்றாகும் என்று கேட்டிருக்கிறாள். வகுப்பு சிரித்திருக்கிறது. மாஸ்டரும் சிரித்திருக்கிறார். கூட்டுவதென்றால் மூன்று தனித்தனியாகக் கிடக்கவேண்டும், அப்படி மூன்று அங்கே கிடக்கவில்லை என்றிருக்கிறார். அப்படியானால் பெருக்குங்க சேர், ஒன்று வரும் என்று பின் வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி உதவிக்கு வந்திருக்கிறாள். அதுவும் ஏமாற்றுத்தான், பெருக்கலில் அந்த மூன்று ஒன்றுகளுக்குள்ளும் வித்தியாசமே இல்லை, நாங்கள் வித்தியாசம் இருக்கிறது என்கிறோம் என்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"மூணு கடவுள் எண்டு சொன்னா எங்கட கோயில்லயும் அது பிழைதான் மகள், இப்ப கணக்கச் செய்ங்க எண்டு சொன்ன."

"அப்ப மூன்று கடவுள் என்று வாக்குமூலத்தில் எழுதியது யார்?"

விறாந்தைப் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வாப்பா. நான் சேர் சொன்னதத்தான் சொன்ன. அவங்கட மூணுதானே, உனக்கு வெளங்கல்ல எண்டு அவருதான் எழுதின."

இதில் பொய் சொல்லும் எண்ணம்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஹாஜியார் மகளின் வாக்குமூலத்தைத் திருத்தினார்; நாம் ஒரு பிள்ளையின் கட்டுரையில் பிழை திருத்துவதுபோல. மற்ற நான்கு பேரும் வாசித்தார்கள், திருத்தம் சரியாக இருந்தது, கையொப்பமிட்டார்கள். மாஸ்டர் சொன்னதற்கு நேர் எதிரானது அவர்மேல் குற்றமாகிவிட்டது.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதினேன். ஒன்பது பக்கம். சிஸ்டரின் சாட்சியத்துக்கு மட்டும் மூன்று பக்கம். கல்விப் பணிமனையில் எவரும் அதை வாசித்ததாக எனக்குத் தகவல் இல்லை.

சேவையின் தேவை

மாஸ்டர் விடுவிக்கப்பட்டார். அதே மாதம் இடமாற்றமும் வந்தது. தண்டனையாக அல்ல, சேவையின் தேவை கருதி. இந்த மூன்று சொல்லின் கீழ் எதையும் செய்யலாம். நானே எத்தனையோ கடிதங்களில் அந்தச் சொற்களைப் பார்த்திருக்கிறேன். அம்பாறைக்கும் அப்பால், இரண்டு பஸ் மாறிப் போகும் ஒரு பாடசாலை. அங்கே மதிய இடைவேளையில் வீட்டுக்கு வரமுடியாது.

பணிமனைக்குப் போனேன். பணிப்பாளர் எழுந்து நின்று கதிரை தந்தார். ஊரின் அமைதிக்காகத்தான் சேர் என்றார். அமைதியைக் குலைத்தது யார், போவது யார் என்று கேட்டேன். தேத்தண்ணீர் வரவழைத்தார். மேன்முறையீட்டை நானே எழுதிக்கொடுத்தேன், மனைவியின் வைத்திய அறிக்கைகளோடு, விதிகளைச் சொல்லி, ஓர் எழுத்துப் பிழையில்லாமல். கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளதாகப் பதில் வந்தது.

மனைவியை மட்டக்களப்பில் அவருடைய தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டார் மாஸ்டர். வாரக் கடைசியில் போய்ப் பார்ப்பார். மற்ற நாட்களில் தங்கை ஊட்டுவார். மற்றவர் கையால் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்வி.

ஹாஜியார் வந்தார்

இரண்டு பாடசாலைத் தவணை கழிந்து, அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு நாள் கலீல் ஹாஜியார் என் வீட்டுக்கு வந்தார். அந்தப் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் இன்னும் வரவில்லை. பரீட்சை முட்டிக்கொண்டு நிற்கிறது. மகள் ரியூசனுக்குப் போகமாட்டாளாம். தகப்பனோடு கதைப்பதும் குறைவாம். மூத்தவன் என்ற முறையில் என்னைக் காக்கா என்பார்.

"காக்கா, நீங்க சொன்னாப் பணிப்பாளர் கேப்பாரு. அந்த சேரத் திருப்பி எடுக்க ஏலுமா எண்டு பாருங்களன். நல்ல மனிசன்தானே."

வழி இருக்கிறது என்றேன். முறைப்பாட்டுக்காரர் தனது முறைப்பாட்டை எழுத்தில் வாபஸ் வாங்கி, ஆசிரியரைத் திருப்பித் தரும்படி கேட்கவேண்டும். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று தாளும் என் பேனாவும் கொடுத்தேன். திகதி, விலாசம் எல்லாம் வடிவாக எழுதினார். முதல் வசனத்தை நான் சொன்னேன். இன்னாசி ஆசிரியர் மூன்று கடவுள்கள் எனப் போதித்ததாக நான் எழுதியது பிழை. அவர் ஒரே கடவுளை நம்புபவர்.

பேனா நின்றது.

"காக்கா, ஒரு பிழை நடந்துட்டு எண்டு மட்டும் எழுதினாக் காணாதா?"

"காணாது. என்ன பிழையெண்டு எழுதோணும்."

"ஒரே கடவுள் எண்டு என்ட கையால எழுதினா, நாளைக்குப் பள்ளிவாசல்ல கேட்டா நான் என்னத்தச் சொல்லுற?"

"உங்கட மகள் சொன்னதச் சொல்லுங்க."

மூன்று என்று இன்னொருவரைக் கையொப்பம் வைக்கச் சொன்னபோது இவருக்கு இந்த யோசனை வரவில்லை. பிறகு தாளை நாலாக மடித்தார். யோசிச்சுச் சொல்லுறன் காக்கா என்று எழுந்தார்.

பேனாவைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார். கேற் வரைக்கும் பின்னாலேயே போய் அதைத் திருப்பி வாங்கினேன்.

யோசித்து முடித்ததாக இன்னும் தகவல் இல்லை. மாஸ்டர் இந்தக் கிழமையும் இரண்டு பஸ் மாறித்தான் போனார்.